ஆலவாயில் தொங்கிய பொற்கிழி

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை எங்கள் வீட்டில் ஒரு சிறு வழக்கு நடந்தது. வாதி, எட்டாம் வகுப்பில் படிக்கும் என் பெண். பிரதிவாதி, பட்டதாரியும் பள்ளிக்கூடத்து உபாத்தியாயருமாகிய நான். தீர்ப்புச் சொன்னவர், கூடத்து மூலையில் அமர்ந்து முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் தாயார்.

டெலிவிஷனில் ஒரு கேள்வி-பதில் நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தது. நடுவே ஒரு நாற்காலி. எதிரே ஒரு பிரமுகர். விடை சொல்லுகிறவர் நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. "கேள்வி கேட்டுப் பணம் கொடுக்கும் இந்த விளையாட்டை முதலில் யார் அப்பா ஆரம்பித்தது?" என்று என் பெண் கேட்டாள்.

என் படிப்பைக் காட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் ஏது? தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். இந்தியாவில் 2000-ம் வருஷம் அமிதாப் பச்சன் ஹிந்தியில் நடத்திய நிகழ்ச்சியே வீட்டுக்கு வீடு இதைக் கொண்டுவந்து சேர்த்தது என்றேன். பின்னர் தமிழில் சரத்குமார் 'கோடீஸ்வரன்' நடத்தியதையும், 2012-ல் சூர்யா 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி' நடத்தியதையும் சொன்னேன். இவற்றுக்கெல்லாம் தாய், 1998-ல் இங்கிலாந்தில் தொடங்கிய நிகழ்ச்சி என்று முடித்தேன்.

அவ்வளவுதான், கீரைத் தட்டின் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "ஏனப்பா, நம் ஊர் ராஜா சந்தேகம் கேட்டுப் பொற்கிழியைக் கட்டித் தொங்கவிட்டாரே, அது எந்த வருஷம்?"

"அது நாகேஷ் நடித்த படம் அல்லவா, அப்பத்தா?" என்றாள் என் பெண்.

என் தாயார் பதில் சொல்லவில்லை, என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையின் பொருள், 'உனக்குச் சம்பளம் கொடுப்பது எதற்காக?' என்பதுதான். அன்றிரவே அலமாரியிலிருந்த பழைய புஸ்தகங்களைத் தூசி தட்டினேன். அதன் பலனை நேயர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

* * *

முதலில், என் பெண் சொன்னதில் பிழையில்லை. ஏ. பி. நாகராஜன் இயக்கிய 'திருவிளையாடல்' 1965-ல் வெளிவந்தது. தருமி என்றவுடன் நம் மனக்கண்முன் வந்து நிற்பது அதில் நாகேஷ் தோன்றிய தோற்றமே. ஆனால் கதை சினிமாக்காரர்கள் கட்டியதன்று. அது பரஞ்சோதி முனிவர் பாடிய திருவிளையாடற் புராணத்திலுள்ள அறுபத்து நான்கு விளையாடல்களுள் 52-வது படலம்.

செண்பக பாண்டியனுக்கு ஒரு சந்தேகம் தோன்றியது. பெண்களின் கூந்தலுக்கு மணம் இயற்கையிலேயே உண்டா, அல்லது பூவினாலும் சாந்தினாலும் வருவதா? தன் மனத்திலுள்ள கருத்தைச் செய்யுளால் வெளியிடுவோருக்கு என்று ஆயிரம் பொன் முடிந்த கிழி ஒன்றைச் சங்க மண்டபத்தில் தூக்கும்படி செய்தான். நேயர்கள் சற்று யோசித்துப் பார்க்கவேண்டும். கேள்வி ஒன்று, பரிசுத் தொகை எல்லாருடைய கண்ணுக்கும் தெரியும்படி தொங்குகிறது, சுற்றிலும் கற்றறிந்த சபை, தீர்ப்புச் சொல்ல ஒரு நடுவர். இன்றைய நிகழ்ச்சிகளில் இல்லாதது இதில் என்ன குறைகிறது? இடையிடையே வரும் சோப்பு விளம்பரம் ஒன்றுதான்.

பரஞ்சோதியாருக்கும் முன்னரே பெரும்பற்றப்புலியூர் நம்பி இக்கதையைப் பாடியிருக்கிறார். அவருக்கும் பல நூற்றாண்டுகளுக்கு முன், 7-ம் நூற்றாண்டில் வாழ்ந்த அப்பர் சுவாமிகள், திருப்புத்தூர்த் திருத்தாண்டகத்தில், புலவனாய் வந்து சங்கமேறித் தருமிக்குப் பொற்கிழி அருளிய பெருமானை நினைந்து பாடுகிறார். ஆகவே கதை 1300 வருஷங்களுக்குக் குறையாத பழமையுடையது. அப்பர் அதை விரித்துச் சொல்லாமல் ஒரு குறிப்பாகச் சொல்லிச் செல்வதால், கேட்டவர்களுக்கு அது முன்பே தெரிந்த கதையாக இருந்திருக்க வேண்டும்.

தருமிக்கு இறைவன் எழுதிக் கொடுத்ததாகச் சொல்லப்படும் செய்யுள் குறுந்தொகையில் இரண்டாம் பாட்டாக இருக்கிறது. இறையனார் பாடியது என்ற குறிப்பும் இருக்கிறது. காதலன் ஒருவன் தும்பியை நோக்கி, தன் காதலியின் கூந்தலைவிட மணமுடைய பூவை நீ கண்டதுண்டோ, எனக்காகப் பேசாமல் உண்மையைச் சொல் என்று கேட்பது அதன் பொருள். அதில் பாண்டியனும் இல்லை, பொற்கிழியும் இல்லை. பின்னால் வந்தவர்கள் அந்தப் பாட்டைச் சுற்றி ஒரு போட்டியையே கட்டிவிட்டார்கள். அவர்கள் கண்ட மதுரையில் அத்தகைய போட்டிகள் வழக்கமாக இல்லாதிருந்தால், அப்படி ஒரு கதை தோன்றியிருக்குமா?

இவ்வாறு நான் ஐயுறுவதற்குக் காரணம் உண்டு. பொற்கிழியைப் பற்றிய கதை மதுரையில் ஒன்றல்ல, இரண்டு.

* * *

இரண்டாவது கதை வைஷ்ணவர்களுடையது. பாண்டியன் ஸ்ரீவல்லபதேவன், உயிர்களுக்குக் கதியாகிய பரம்பொருள் யாது என்பதை நிச்சயித்துச் சொல்லுவோருக்கென ஒரு பொற்கிழியைக் கம்பத்திலே கட்டினான். அவனுக்கு அந்த யோசனையைச் சொன்னவர் செல்வநம்பி. ஸ்ரீவில்லிபுத்தூரில் நந்தவனம் வைத்துப் பெருமாளுக்குப் பூமாலை கட்டிக்கொண்டிருந்த விஷ்ணுசித்தர் மதுரைக்கு வந்து வேதப் பொருளை எடுத்துரைத்தார். அவர் சொல்லி முடித்தவுடன் கம்பம் தானே வளைந்து கிழி அவர் கைக்கெட்டும்படி தாழ்ந்தது என்பது குருபரம்பரைக் கதை. அரசன் அவரை யானைமேல் ஏற்றி ஊர்வலம் செய்வித்தான். அவரே பெரியாழ்வார், அவ்வூர்வலத்தில் காட்சியளித்த பெருமாளைக் கண்டு அவர் பாடியதே திருப்பல்லாண்டு.

இரண்டு கதைகளிலும் பரிசு கொடுப்பவன் பாண்டியன், ஊர் மதுரை, பரிசு பொற்கிழி. தீர்ப்புச் சொல்லும் முறையில்தான் வேற்றுமை. ஒன்றில் நக்கீரர் இருக்கிறார். மற்றொன்றில் கம்பமே நடுவராக இருந்து வளைந்து கொடுக்கிறது. மனித நடுவரை நம்புவதிலுள்ள கஷ்டம் அக்காலத்திலேயே தெரிந்திருந்தது போலும்! தகுதியுள்ள புலவருக்கு மட்டும் இடங்கொடுத்து வளரும் சங்கப் பலகையும், வாய் பேசாத பிள்ளையாகிய உருத்திரசன்மர் கவிகளைக் கேட்டு மெய்சிலிர்ப்பினால் தரம் பிரித்த கதையும் இதே கவலையிலிருந்து பிறந்தவையே.

பரிசில்லாத வாதப் போட்டியும் நம்மிடம் பழமையானதே. காவிரிப்பூம்பட்டினத்தில் கேள்வி வல்ல ஆசிரியர்கள் வாதுக்கு அழைத்துக் கொடி கட்டியிருந்ததைப் பட்டினப்பாலை சொல்லுகிறது. மணிமேகலையில் விழாவறையும் வள்ளுவன், சமயவாதிகளைப் பட்டிமண்டபத்தில் முறையறிந்து ஏறும்படி அழைக்கிறான். மதுரைக்கு அருகே திருவாதவூரில் பிறந்த மாணிக்கவாசகரும் திருவாசகத்தில் பட்டிமண்டபத்தைக் குறிப்பிடுகிறார். இவ்வளவு பழைய சொல்லை, தீபாவளியும் பொங்கலும் வந்தால் டெலிவிஷனில் தோன்றும் ஒரு புதுச் சரக்கு என்று நம் குழந்தைகள் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். 1939-ல் தொடங்கிய காரைக்குடிக் கம்பன் கழகம் போன்ற சபைகள் அதைப் பொதுமேடைக்குக் கொண்டுவந்தன. சாலமன் பாப்பையா அவர்கள் அதை வீட்டுக் கூடத்துக்கே கொண்டுவந்தார். பாப்பையா அவர்கள் தமிழ் போதித்த அமெரிக்கன் கல்லூரி, 1881-ல் எங்கள் பசுமலையில்தான் தோன்றிப் பின்னர் மதுரைக்குக் குடிபெயர்ந்தது என்பதை, ஊர்ப் பற்றின் காரணமாக இங்கே சொல்லி வைக்கிறேன்.

கேள்வி கேட்பவர் பலர், விடை சொல்பவர் ஒருவர் என்ற விளையாட்டும் உண்டு. அதுதான் அவதானம். ஒருவர் ஈற்றடி கொடுத்து வெண்பாக் கேட்பார். ஒருவர் கணக்குப் போடுவார். ஒருவர் தேதியைச் சொல்லிக் கிழமை கேட்பார். ஒருவர் இடையிடையே மணியடிப்பார். ஒருவர் முதுகில் பூவை எறிவார். எல்லாவற்றையும் மனத்தில் வாங்கி, கடைசியில் விடைகளோடு மணியின் எண்ணிக்கையையும் பூவின் எண்ணிக்கையையும் பிசகாமல் சொல்லவேண்டும். எட்டுச் செய்தால் அஷ்டாவதானம்; நூறு செய்தால் சதாவதானம். நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடியில் 1874-ல் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர், 1907-ல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் இதைச் செய்து சதாவதானி என்று புகழ்பெற்றார். 2008-ல் அவருக்குத் தபால் தலை வெளியிட்டார்கள்.

* * *

நிற்க. மேல்நாட்டிலும் இந்த விளையாட்டு நாம் நினைப்பதைவிடப் பழமையானதுதான். அமெரிக்க வானொலியில் 1936-லேயே கேள்வி-பதில் நிகழ்ச்சி வந்துவிட்டது. லண்டன் பி.பி.சி., டெலிவிஷன் பெட்டி சில வீடுகளில் மட்டுமே இருந்த 1938-ல், எழுத்துக்கூட்டிச் சொல்லும் போட்டி ஒன்றை ஒளிபரப்பியது. நம் நாட்டில் நீல் ஓப்ரையன் 1967-ல் கல்கத்தாவில் பொதுமக்களுக்கான வினாடி-வினா நடத்தினார். பள்ளிப் பிள்ளைகளுக்கான போர்ன்விட்டா போட்டி 1972-ல் வானொலியில் தொடங்கியது. ஆக, அமிதாப் பச்சன் நாற்காலியைப் போடுவதற்கு முன்பே ஒரு தலைமுறை இந்த விளையாட்டை விளையாடித் தீர்த்துவிட்டது.

மேல்நாட்டுச் சரித்திரத்தில் ஒரு பக்கத்தைப் படித்தபோது என் கை புஸ்தகத்தை மூடிவிட்டது. 1956-ல் அமெரிக்காவில் 'இருபத்தொன்று' என்ற நிகழ்ச்சி தொடங்கியது. அதில் சார்லஸ் வான் டோரன் என்ற இளைஞர் வாராவாரம் வென்று 1,29,000 டாலர் பெற்றார். அவர் கொலம்பியா சர்வகலாசாலையில் ஆசிரியர்; பிரசித்தி பெற்ற கவிஞரின் மகன். தேசமே அவரைக் கொண்டாடியது. அவரிடம் தோற்றவர் ஹெர்பர்ட் ஸ்டெம்பெல். உண்மை என்னவெனில், வான் டோரனுக்கு விடைகளை முன்கூட்டியே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். ஸ்டெம்பெலைத் தோற்றுவிடும்படி சொல்லிவிட்டார்கள். தாம் மிகவும் விரும்பிப் பார்த்த ஒரு சினிமாவின் பெயரையே கேள்வியாகக் கேட்டபோது, அம்மனிதர் தெரிந்த விடையை விழுங்கிவிட்டு வேறொன்றைச் சொல்லவேண்டியதாயிற்று. 1959 நவம்பரில் வான் டோரன் அமெரிக்கக் காங்கிரஸ் கமிட்டியின் முன் உண்மையை ஒப்புக்கொண்டார். ஆசிரியர் பதவியையும் இழந்தார். 1960-ல் இத்தகைய மோசடியைத் தடுக்கச் சட்டமே செய்தார்கள்.

இரவல் விடை! இதைப் படித்தபோதுதான், நம் தருமியின் கதையும் இதுவே என்பது எனக்கு உறைத்தது. பெற்றோரை இழந்த ஏழைப் பிரம்மசாரி, மணம் செய்துகொள்ளப் பொருள் வேண்டும், விடையோ தெரியாது. வேறொருவர் எழுதிய விடையைக் கொண்டுவந்து தன்னுடையதுபோலப் படிக்கிறான். அரசனுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. கிழியை எடுத்துக்கொள் என்று சொல்லியும் விடுகிறான். 'நில்' என்கிறார் நக்கீரர். பாட்டில் குற்றம் இருக்கிறது என்கிறார். எழுதியவரே எதிரில் வந்து நெற்றிக்கண்ணைக் காட்டியபோதும் தாம் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை; பொற்றாமரைக் குளத்தில் வெந்து விழுந்தார். பின்னர் இறைவன் அவரைக் கரையேற்றினார் என்பதும், தருமிக்குப் பொற்கிழி கிடைத்தது என்பதும் எல்லாரும் அறிந்தவையே.

* * *

ஏன் புஸ்தகத்தை மூடினேன் என்று சொல்லிவிடுகிறேன். இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

சுமார் 15 வருஷங்களுக்கு முன், நான் அப்பொழுது வேலை பார்த்த ஒரு பள்ளிக்கூடத்தின் ஆண்டு விழாவில் வினாடி-வினா நடந்தது. கேள்விகளைத் தயாரித்தவனும் நான், நடுவனும் நான். முதற் பரிசு 500 ரூபாயும், அடுத்த வகுப்புக்குரிய புஸ்தகங்களும். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் வந்து நின்றான். தகப்பனார் இல்லை, தாயார் தெருவில் பூ விற்பவர். படிப்பில் நடுத்தரம். அன்றைக்கோ, நான் கேள்வியை முடிக்குமுன்பே அவனிடமிருந்து விடை வந்தது. ஒன்றல்ல, இரண்டல்ல, பத்துக் கேள்விகள். ஆறாவது கேள்வியை நான் எழுத்தில் ஒருவிதமாகவும் மேடையில் வேறுவிதமாகவும் கேட்டேன். அவன் எழுத்திலிருந்த கேள்விக்கு விடை சொன்னான்.

எனக்கு விளங்கிவிட்டது. என் மேஜையிலிருந்த தாளை, அவன் நிலையைக் கண்டு இரங்கிய யாரோ ஒருவர் பார்த்துச் சொல்லியிருக்கிறார். அது யாரென்று நான் விசாரிக்கவில்லை. பூக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் அவன் தாயார் உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்தேன், ஆறாவது விடையும் சரியென்று சொன்னேன், பரிசையும் கொடுத்தேன். இரண்டாவதாக வந்தவள் ஒரு மாணவி. ஒரு மாதமாக நூலகத்தில் உட்கார்ந்து படித்தவள். ஆறாம் கேள்விக்கு அவன் சொன்ன விடை தவறு என்று அவளுக்குத் தெரியும். அவள் ஒன்றும் சொல்லவில்லை. என்னை நிமிர்ந்து ஒரு தடவை பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

நான் செய்தது தர்மம் என்றே வெகுநாள் எண்ணியிருந்தேன். ஏழைக்கு உதவியது தவறா? ஆனால் அதன்பின் நடந்தது எனக்குத் தெரியும். அந்தப் பையன் வகுப்பில் கைதூக்குவதை விட்டுவிட்டான். மற்றப் பிள்ளைகள் எப்படியோ விஷயத்தை அறிந்திருந்தார்கள். தனக்கு உண்மையிலேயே தெரிந்த கேள்விக்கு விடை சொல்லவும் அவனுக்குக் கூச்சமாயிற்று. சொன்னாலும் பிள்ளைகள் நம்பவில்லை. பத்தாம் வகுப்பு முடிந்ததும் போய்விட்டான். அவனை நான் தண்டித்திருந்தால்கூட ஒரு நாளோடு போயிருக்கும். என் இரக்கம் அவனை இரண்டு வருஷம் தண்டித்தது.

புராணத்தை மறுபடியும் படித்தபோது ஒன்று புலப்பட்டது. அக்கதையில் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. குற்றம் குற்றமென்று சபையில் சொல்லப்படுகிறது; ஏழைக்குப் பொருளும் கிடைக்கிறது. ஒன்றுக்காக மற்றொன்றை விட்டுவிடவில்லை. நானோ பொற்கிழியைக் கொடுத்துவிட்டு, குற்றத்தைச் சொல்லாமல் விழுங்கிவிட்டேன். பிள்ளையைத் தனியே அழைத்து, 'தம்பி, இது உன் விடையன்று. ஆனாலும் உன் புஸ்தகத்துக்கு நான் பொறுப்பு' என்று சொல்ல எனக்கு எத்தனை நாழிகை ஆகியிருக்கும்? பரிசை அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு என் சட்டைப் பையிலிருந்து 500 ரூபாயை எடுத்திருந்தால் என் குடும்பம் பட்டினி கிடந்திருக்குமா? அமெரிக்காவில் காசுக்காகச் செய்ததை நான் கருணைக்காகச் செய்தேன். தோற்றவர்கள் நெஞ்சில் இரண்டும் ஒரேமாதிரிதான் விழுந்திருக்கும்.

எங்கள் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் திருப்பரங்குன்றம் தெரியும். நக்கீரரைப் பூதம் ஒன்று குகையில் அடைத்ததும், அவர் திருமுருகாற்றுப்படை பாடி விடுபட்டதும் அம்மலையில்தான் என்பது ஐதிகம். தினந்தோறும் அந்த மலையைப் பார்த்துக்கொண்டு பல் விளக்குகிற எனக்கு, நடுவனுடைய வேலை இன்னதென்று தெரிய இத்தனை வருஷமாயிற்று.

இப்பொழுதும் எங்கள் பள்ளியில் ஆண்டுதோறும் வினாடி-வினா நடத்துகிறேன். பரிசு ஒரு புஸ்தகம் மட்டும். ஏழைப் பிள்ளைகளுக்கான உதவி தனி. அதற்குப் போட்டியும் இல்லை, மேடையும் இல்லை. 'தெரியாது' என்று நேராகச் சொல்லுகிற பிள்ளையை யாரும் சிரிக்கக்கூடாது என்பது முதல் விதி.

ஆவணி மூலத் திருவிழாவில் மீனாட்சியம்மன் கோயிலில் தருமிக்குப் பொற்கிழி அருளிய லீலை வருஷந்தோறும் நடைபெறுகிறது. இவ்வருஷம் அப்பத்தாவோடு தானும் போகவேண்டுமென்று என் பெண் சொல்லியிருக்கிறாள். இந்தக் கதை முழுவதையும் அவளிடம் சொன்னேன். என் பங்கையும் மறைக்கவில்லை. கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமலிருந்தாள். பிறகு, "அந்த அக்காவிடம் நீங்கள் போய்ச் சொன்னீர்களா, அப்பா?" என்றாள்.

நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியன்று அது. விடை ஒன்றுதான், அதுவும் எனக்குத் தெரிந்ததே. "இல்லை, அம்மா" என்றேன்.

அந்த மாணவி இப்பொழுது திருமங்கலம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருப்பதாகக் கேள்வி. இக்கட்டுரை அச்சேறி வருவதற்குள் போய்ப் பார்த்துவிட்டு வருவதாக என் பெண்ணிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். என் தாயார் தலைநிமிராமல் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார், ஆனால் கேட்டுக்கொண்டிருந்தார்.